மனம் எதைக் கேட்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் மன அமைதியைப் பற்றியே கேட்கின்றன. அலுவலகம், வீடு, பிள்ளைகள், பெற்றோர், பணி ஓய்வு, இழப்பு என்று காரணங்கள் வேறு வேறாக இருந்தாலும், அமைதியாக இருக்க ஒரு வழி சொல்லுங்கள் என்றுதான் பலரும் கடிதத்தை முடித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு வழி இருப்பதாக நான் நம்பவில்லை. தூக்கம் கெட்டவருக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பது முறையாகாது. எனவே ஒவ்வொரு கடிதத்திலும் அமைதியைக் கெடுப்பது எது என்று தேடிப் பார்த்து, அதற்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி தந்திருக்கிறேன்.

கேள்வி: அலுவலகத்திலும் வீட்டிலும் என் பொறுப்புகளை ஓரளவு ஒழுங்காகவே செய்து வருகிறேன். கணவரும் கேட்ட உதவியைச் செய்வார். குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் படுத்தவுடன் மறுநாள் வேலைகள் வரிசைகட்டி வந்து நிற்கின்றன. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாமனாரின் இரத்தப் பரிசோதனை, அலுவலக அறிக்கை, தீர்ந்துபோன மாத்திரை என்று எதுவும் என்னை விடுவதில்லை. தியானம் செய்யச் சொல்கிறார்கள். கண்ணை மூடினால் அந்தப் பட்டியல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. என்னிடம்தான் ஏதாவது குறை இருக்கிறதா?

பதில்: உங்களிடம் குறை எதுவும் இல்லை. உங்கள் கடிதத்தில் நான் நின்று நிதானித்துப் படித்த வரி, "கணவரும் கேட்ட உதவியைச் செய்வார்" என்பது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தூக்கத்தைப் பார்ப்போம்.

அரைகுறையாக நிற்கும் வேலை மனத்தை விடாது என்பது அனைவரும் அனுபவத்தில் அறிந்ததுதான். புளூமா ஸெய்கார்னிக் என்ற உளவியலாளர் இதைச் சோதனைகள் மூலம் ஆராய்ந்து, இடையில் நிறுத்தப்பட்ட வேலைகளே மக்களுக்கு அதிகமாக நினைவில் நிற்கின்றன என்று 1927-இல் எழுதினார். பிற்காலச் சோதனைகள் எல்லாமே அவருடைய முடிவை அப்படியே உறுதிசெய்துவிடவில்லை. ஆனால் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு நேரடியாகவே பயன்படும். முடியாத ஒரு வேலை மனத்தில் குறுக்கிடாமல் இருக்க, அதை முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதை எப்போது, எங்கே, எப்படிச் செய்யப் போகிறோம் என்று திட்டவட்டமாக முடிவு செய்துவிட்டாலே மனம் அதன் பிடியைத் தளர்த்திவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அமெரிக்காவில் ஒரு தூக்க ஆய்வகத்தில் இளவயதினர் 57 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வும் இதை ஒட்டியதே. ஒரு பிரிவினர் படுக்கப் போகும் முன் 5 நிமிடம், அடுத்து வரும் நாள்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். மற்றவர்கள் ஏற்கெனவே செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். அவர்களிலும், இன்னது இன்னது என்று விரிவாக எழுதியவர்களுக்கு இன்னும் விரைவில் தூக்கம் வந்தது. 9 நிமிடம் ஒரு பொருட்டா என்று பகலில் கேட்கலாம். இருட்டில் விழித்துக் கிடப்பவருக்குத்தான் அதன் நீளம் தெரியும்.

ஆகவே இன்று இரவே ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்குங்கள். கைப்பேசியில் எழுதாதீர்கள், அது வேறு பத்துக் கவலைகளைக் கொண்டுவரும். "மாமனார் – பரிசோதனை" என்று இரண்டு சொல்லோடு விட்டுவிட்டால் பயன் இருக்காது. "வியாழக்கிழமை காலை 10 மணிக்குப் பரிசோதனை நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, சனிக்கிழமைக்கு நேரம் வாங்க வேண்டும், வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று கேட்க வேண்டும், பழைய அறிக்கை அலமாரியின் மேல்தட்டில் நீல உறையில் இருக்கிறது" என்று எழுதுங்கள். இப்படி எழுதும்போது சில வேலைகளுக்கு இந்த வாரம் இடமே இல்லை என்பதும் தெரியவரும். அவற்றின் எதிரே "இந்த மாதம் இல்லை" என்று எழுதிவிடுங்கள். அதுவும் ஒரு முடிவுதான். மனம் அதையும் ஏற்றுக்கொள்ளும்.

தியானம் பலருக்குப் பெருந்துணையாக இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கண்ணை மூடி அசையாமல் உட்காருவது எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் பொருந்துவதில்லை. பட்டியல் தாளில் இறங்கிய பிறகு, கண்ணைத் திறந்தபடியே, நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மூச்சு என்ற அளவில், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதைச் சற்று நீட்டிச் சில நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். மெதுவான மூச்சு இதயத்துடிப்பைத் தணிக்கும் நரம்புகளுக்கு உதவுகிறது. இதற்கு மனம் ஒருமுகப்பட வேண்டிய தேவைகூட இல்லை.

இனி அந்த வரிக்கு வருகிறேன். வீட்டு வேலை என்றால் கையால் செய்வதை மட்டுமே கணக்கில் எடுக்கிறோம். அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தை நடத்துவதற்கான மூளை உழைப்பை நான்காகப் பிரித்துக் காட்டினார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, எடுத்த முடிவு நடக்கிறதா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவன் மனைவி இருவரும் ஓரளவு சமமாகவே பங்கேற்கிறார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுகின்றன என்று அவர் கண்டார். உங்கள் வீட்டில் நடப்பதும் இதுவே. கேட்ட உதவியைக் கணவர் செய்கிறார். ஆனால் எதைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும், கேட்டது நடந்ததா என்று நினைவில் வைத்திருப்பது நீங்கள். இரவில் உங்களை எழுப்புவது அந்த வேலைதான்.

அவரோடு அமைதியாக உட்கார்ந்து பேசி, உதவி என்று கேட்காமல், ஒரு பொறுப்பை முழுவதுமாகக் கொடுத்துவிடுங்கள். மாமனாரின் மருத்துவத்திலிருந்து தொடங்கலாம். அவர் கணவரின் தந்தை. மாத்திரை தீரப்போவதைக் கவனிப்பது முதல் அடுத்த பரிசோதனையை நினைவில் வைப்பது வரை எல்லாமே கணவருடைய பொறுப்பாகட்டும். உங்கள் பங்குக்கு நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது, அது எளிதன்று. அவர் தம் போக்கில், உங்களைவிடச் சற்றுத் தாமதமாகச் செய்யும்போது, உயிருக்கோ உடலுக்கோ கேடு வராத வரையில் நினைவூட்டாமல் இருக்க வேண்டும். நினைவூட்டத் தொடங்கினால் அந்தப் பொறுப்பு மறுபடியும் உங்களிடமே வந்துவிடும்.

கேள்வி: பணி நேரம் முடிந்த பிறகும் அலுவலகச் செய்திகள் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பதில் போடாவிட்டாலும் திறந்து பார்த்துவிடுகிறேன். அதன் பிறகு குழந்தையோடு விளையாடும்போதுகூட மனம் அங்கேயே கிடக்கிறது. வேலையை விடும் நிலையில் நான் இல்லை.

பதில்: பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பதுதான் இருக்கிற வழிகளில் மோசமானது. அந்த வேலையும் நடப்பதில்லை, குழந்தைக்கும் நீங்கள் கிடைப்பதில்லை. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதைச் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் விளக்கினார். உங்களுக்கு ஒவ்வொரு மாலையும் அதுதான் நேர்கிறது.

பணி நேரத்துக்குப் பின் தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் சட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தன. உங்களுக்கு அத்தகைய சட்டத்தின் துணை இல்லாமல் போகலாம். அப்படியானால் மேலதிகாரியிடம் நேரில் ஒன்றைச் சொல்லுங்கள்: "மாலையில் அவசரம் என்றால் அழையுங்கள், உடனே எடுப்பேன், மற்றச் செய்திகளை இரவு 9 மணிக்கு ஒரு தடவை பார்த்துப் பதில் போட்டுவிடுகிறேன்." மறுப்பதைவிட இப்படி ஒரு நேரம் சொல்வதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். சொன்ன பிறகு அறிவிப்பு ஒலியை நிறுத்திவிட்டு, கைப்பேசியைக் கண்ணுக்கு எட்டாத வேறோர் அறையில் வையுங்கள். அழைப்பு வந்தால் ஒலி கேட்கும், அது போதும்.

கேள்வி: ஒரே ஆண்டுக்குள் குழந்தை பிறந்தது, விரும்பிய துறைக்கு வேலை மாறினேன், புதிய வீட்டுக்குக் குடிவந்தோம். எல்லாமே நாங்கள் ஆசைப்பட்டுப் பெற்றவை. ஆனாலும் காரணமே இல்லாமல் எரிச்சலும் அழுகையும் வருகின்றன. கிடைத்த நல்லதை அனுபவிக்கத் தெரியாதவளாக இருக்கிறேனோ என்று வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்பட ஒன்றுமில்லை. தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் 1967-இல் வாழ்க்கை மாற்றங்கள் 43-ஐப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஈடுகொடுக்க மனிதர் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதற்கு மதிப்பெண் கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணையின் இறப்புக்கு 100. அதே பட்டியலில் திருமணத்துக்கு 50, குடும்பத்தில் புதிதாக ஓர் உயிர் வருவதற்கு 39, வேறு துறை வேலைக்கு மாறுவதற்கு 36, வீடு மாறுவதற்கு 20. பெரிய தனிப்பட்ட சாதனைக்குக்கூட 28 இருக்கிறது. உங்கள் மூன்று மகிழ்ச்சிகளையும் கூட்டினால் 95 வருகிறது.

அந்தப் பட்டியல் பழையது. ஒருவருடைய வசதியையோ அவருக்குக் கிடைக்கும் ஆதரவையோ அது கணக்கில் எடுப்பதில்லை. எனவே எண்களை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் அதன் அடிப்படைக் கருத்து எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. நல்ல மாற்றத்துக்கும் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதிலிருந்து, புதிய அலுவலகத்தில் யாரிடம் எதைக் கேட்கலாம் என்பது வரை, நேற்றுவரை யோசிக்காமல் செய்த ஒவ்வொன்றையும் இன்று நீங்கள் யோசித்துச் செய்கிறீர்கள். அதற்கு மேல் இரவில் குழந்தை எழுப்புகிறது.

அடுத்த சில மாதங்களுக்குப் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். வீட்டை அழகுபடுத்துவது, கூடுதல் படிப்பு, உறவினரை அழைத்து விருந்து வைப்பது எல்லாம் காத்திருக்கட்டும். மாறிய வாழ்க்கையில் மாறாத ஒரு வேளையைக் காப்பாற்றி வையுங்கள். காலையில் தனியாக நடக்கும் வழக்கமோ, இரவில் தோழியோடு பேசும் வழக்கமோ முன்பு இருந்திருந்தால் அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று ஒரு நோய் இருக்கிறது. அழுகை வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, குழந்தையிடம் ஒட்டுதல் வரவில்லை என்று தோன்றினாலோ, உங்களையோ குழந்தையையோ பற்றி அச்சமூட்டும் எண்ணங்கள் எழுந்தாலோ, உடனே மருத்துவரைப் பாருங்கள். அது குணப்படுத்தக்கூடியது.

கேள்வி: நெடுங்காலம் பொறுப்பான பதவியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். காலையில் பழைய நேரத்துக்கே விழிப்பு வந்துவிடுகிறது. குளித்து, சட்டை மாற்றி, நாற்காலியில் உட்காருகிறேன். அதற்கு மேல் என்ன என்று தெரியவில்லை. "இத்தனை நாள் ஓடினீர்களே, இனியாவது நிம்மதியாக இருங்கள்" என்று மனைவி சொல்கிறார். அந்த நிம்மதிதான் பிடிபடவில்லை.

பதில்: ஐயா, நீங்கள் சட்டை மாற்றிக்கொண்டு உட்காருகிறேன் என்று எழுதியிருப்பதிலேயே உங்கள் சிக்கலும் இருக்கிறது, அதற்கான விடையும் இருக்கிறது.

1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற சிற்றூரில் ஓர் ஆலை மூடப்பட்டு, ஊரே வேலையிழந்தது. மரீ யஹோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே சென்று மக்களின் அன்றாடத்தைக் கவனித்தார்கள். நேரம் ஏராளமாகக் கிடைத்தும், ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது முன்பைவிடக் குறைந்துபோயிருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள். நடுநடுவே காரணமின்றி நின்றார்கள். இந்த அனுபவத்திலிருந்து யஹோடா பிற்காலத்தில் ஒரு கருத்தை வளர்த்தெடுத்தார். வேலை தருவது சம்பளம் மட்டுமன்று. நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்களோடு பழக்கம், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வு, சமூகத்தில் ஓர் இடம், தொடர்ந்த செயல்பாடு ஆகியவற்றையும் அது சந்தடியின்றித் தந்துகொண்டிருக்கிறது. வேலை போகும்போது இவை எல்லாம் சேர்ந்தே போகின்றன. உங்களுக்கு ஓய்வூதியம் இருக்கலாம். அது முதலாவதற்கு மட்டுமே ஈடு. மற்றவை நின்றுபோனதைத்தான் உங்கள் மனம் நாற்காலியில் உட்கார்ந்து தேடுகிறது.

பொழுதுபோக்கைத் தேடுங்கள் என்று சொல்ல மாட்டேன். பொழுதைப் போக்குவது உங்களைப் போன்றவருக்கு நிறைவு தராது. யாராவது உங்களை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு வேலையைத் தேடுங்கள். வாரத்தில் மூன்று நாள், குறித்த நேரத்தில், நீங்கள் போகாவிட்டால் ஒருவர் "ஏன் வரவில்லை?" என்று கேட்கும்படியான வேலையாக அது இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருக்கலாம், படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுப்பதாக இருக்கலாம், தனியாக வாழும் முதியவரோடு மருத்துவமனைக்குத் துணை போவதாக இருக்கலாம். அது பதவியாக இருக்கக் கூடாது என்பது மட்டும் என் வேண்டுகோள். சங்கத் தலைவர், செயலாளர் என்று உடனே போய்ப் பொறுப்பேற்பவர்கள் பழைய நாற்காலியையே வேறு கட்டடத்தில் தேடுகிறார்கள்.

வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அலுவலகம் போன காலம் முழுவதும் உங்கள் மனைவி வீட்டில் தமக்கென்று ஒரு நேர ஒழுங்கை அமைத்துக்கொண்டிருப்பார். நண்பகலில் சற்றுப் படுப்பது, தங்கையோடு தொலைபேசியில் பேசுவது என்று அதில் அவருக்குப் பிடித்தமான வேளைகள் இருக்கும். அந்த வேளைகள் எவை என்று அவரிடமே கேட்டு, அப்போது நீங்கள் வெளியே இருக்கும்படி உங்கள் நாளை அமைத்துக்கொள்ளுங்கள். அவரும் நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா?

கேள்வி: சொத்துப் பிரிவினையில் கூடப் பிறந்த அண்ணனே எனக்குத் துரோகம் செய்தார். மன்னித்தால்தான் மனத்துக்கு அமைதி கிடைக்கும் என்கிறார்கள். என்னால் முடியவில்லை. மறக்க முயன்றால் அதுவே நினைவுக்கு வருகிறது.

பதில்: மறக்க முயலாதீர்கள். வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் அதையே திரும்பத் திரும்ப நினைத்தார்கள் என்பதை டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் சோதனை மூலமே காட்டினார். விரட்டப்படும் நினைவு கூடுதல் வலிவோடு திரும்பி வருகிறது.

மன்னிப்பை யாரும் உங்களிடம் கடனாகக் கேட்க முடியாது. காயம் ஆறுவதற்கு முன், உறவினரின் வற்புறுத்தலால் வாயளவில் மன்னிப்பவர்கள், பிறகு தனிமையில் இரட்டிப்பாக வெந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். மன்னிப்பதும் மறுபடி கூடிப் பழகுவதும் வேறு வேறு. அண்ணன் மீதிருக்கும் பகையைக் காலப்போக்கில் நீங்கள் விட்டுவிடலாம். அதற்காக அவரோடு பண விவகாரத்தில் மீண்டும் இறங்க வேண்டியதில்லை. முதலில், சட்டப்படி செய்ய வேண்டியது ஏதாவது மீதி இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் இல்லை என்பது உறுதியாகட்டும். "இன்னும் ஏதாவது செய்திருக்கலாமோ" என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருக்கும் வரை கோபம் தணியாது. மன்னிப்பு வந்தால் அதன் பிறகு தானே வரட்டும். வராவிட்டாலும் உங்கள் மனைவி மக்களோடு நீங்கள் மகிழ்ச்சியாக வாழ்வதற்கு அது தடையாகாது.

கேள்வி: என் அம்மாவுக்கு மறதிநோய். என்னை யாரோ என்று நினைத்து "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்கிறார். அருகில்தான் இருக்கிறார், ஆனால் எனக்கு அம்மா இல்லை. அழுதால், "உயிரோடு இருப்பவருக்கு ஏன் அழுகிறாய்?" என்று அதட்டுகிறார்கள். சில நாள்களில் இது சீக்கிரம் முடிந்தால் தேவலை என்றுகூட நினைத்துவிடுகிறேன். அப்படி நினைத்த பிறகு எனக்குச் சோறு இறங்குவதில்லை. நான் கெட்ட மகளா?

பதில்: இல்லை அம்மா. நெடுநாள் தனியாகச் சுமந்து களைத்துப்போன நல்ல மகள் நீங்கள்.

உலகில் 5 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்கள் ஒவ்வொருவர் அருகிலும் உங்களைப் போல் ஒருவர், பல இடங்களில் ஒரு பெண், உட்கார்ந்திருக்கிறார். உங்கள் துக்கத்துக்குத் துறைசார்ந்தோர் நடுவில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த பாலின் பாஸ் என்ற அறிஞர், இறந்தார் என்றும் சொல்ல முடியாமல் இருக்கிறார் என்றும் சொல்ல முடியாமல் தவிக்கும் அந்த நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று குறித்தார். உடல் அருகில் இல்லாமல் மனத்தில் மட்டும் இருப்பவரை இழப்பது ஒரு வகை; உடல் அருகில் இருந்தும் மனம் விலகிப்போனவரை இழப்பது மற்றொரு வகை. மறதிநோய் இரண்டாவதைச் சேர்ந்தது. இறப்புக்குச் சடங்கு இருக்கிறது, ஆறுதல் சொல்ல ஆள் வருகிறார்கள், ஒரு நாளில் அது முடிகிறது. இந்த இழப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆகவே நீங்கள் அழுவது முறையான அழுகை. அதட்டுகிறவர்களுக்கு உங்கள் இழப்பு கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

சீக்கிரம் முடிந்தால் தேவலை என்ற எண்ணம் உங்கள் அம்மாவுக்கு எதிரானதன்று. அவருடைய துன்பமும் உங்களுடைய துன்பமும் முடிய வேண்டும் என்று விரும்புகிறீர்கள். இத்தகைய நோயாளிகளை நெடுங்காலம் பார்த்துக்கொள்பவர்களில் பலருக்கு இந்த எண்ணம் வந்திருக்கிறது. வெளியே சொல்லத்தான் அஞ்சுகிறார்கள். எண்ணம் வேறு, செயல் வேறு. அப்படி நினைத்த அதே நாளிலும் நீங்கள் அவரைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டிருப்பீர்கள்.

என் தாயாரும் இந்த நோயோடுதான் கடைசிக் காலத்தைக் கழித்தார். ஒரு துண்டைக் கையில் எடுத்து நான்காக மடிப்பார், தடவிச் சுருக்கம் எடுப்பார், மறுபடி பிரித்து உதறுவார், மீண்டும் மடிப்பார். மாலை வேளைகளில் இது வெகுநேரம் நடக்கும். தொடக்கத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் "மடித்தாயிற்று, வையுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம், அவர் கலங்கிப்போவார். பிறகு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். நான் மடித்ததை வாங்கிப் பார்த்து, ஓரம் சரியாக இல்லை என்று திருத்திக் கொடுத்தார். என் பெயர் அவருக்கு நினைவில்லை. ஆனால் ஒரு துணியை எப்படி மடிக்க வேண்டும் என்று எனக்குச் சிறுவயதில் கற்றுக்கொடுத்தாரே, அதே கண்டிப்பு அந்தக் கையில் இருந்தது. "எந்த ஊர்?" என்று உங்கள் அம்மா கேட்கும்போது, "நான் உங்கள் மகள்" என்று ஒவ்வொரு தடவையும் நிறுவ முயலாதீர்கள். ஊரைச் சொல்லுங்கள். அவருடைய ஊரைப் பற்றிக் கேளுங்கள். பழைய நினைவுகள் பெரும்பாலும் கடைசியில்தான் மங்கும். அவர் சொல்லக்கூடியவை இன்னும் இருக்கும்.

துக்கத்தைப் பற்றிய இன்னொரு கருத்தும் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்டது அது. இழந்தவர்கள் சில நேரம் துக்கத்துக்குள் போகிறார்கள், சில நேரம் அதை விட்டு வெளியே வந்து அன்றாட வேலைகளிலும் புதிய பொறுப்புகளிலும் ஈடுபடுகிறார்கள். இப்படிப் போவதும் வருவதுமாக இருப்பதே இயல்பானது, உடலுக்கும் மனத்துக்கும் நல்லது என்கிறார்கள். துணையின் இறப்பை மனத்தில் வைத்து அவர்கள் எழுதியது உங்களுக்கும் பொருந்தும். தோழியோடு ஒரு மணி நேரம் பேசிச் சிரித்தால், அதற்காக நீங்கள் உங்களையே குற்றம் சாட்ட வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தை வாரந்தோறும் உறுதியாக்க வேண்டும். உடன்பிறந்தவர்கள் இருந்தால், "முடிந்தால் வாருங்கள்" என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணி முதல் 8 மணி வரை இன்னார் என்று பெயர் குறித்துக் கேளுங்கள். யாரும் இல்லையென்றால், நோயாளியைச் சில மணி நேரம் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டா என்று அம்மாவின் மருத்துவரிடமே கேளுங்கள். உங்களுக்குச் சோறு இறங்காமல் போவதையும் அந்த மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பார்த்துக்கொள்பவரின் உடல்நிலையும் அவர் அறிய வேண்டியதே.

கேள்வி: வேலை போன பிறகு என் தங்கை அறையை விட்டு வெளியே வருவதில்லை. முன்பு விரும்பிய எதிலும் நாட்டமில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை. "நான் எல்லாருக்கும் பாரம்" என்கிறாள். கொஞ்சம் மன அமைதி கிடைத்தால் சரியாகிவிடுவாள் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அவளுக்குப் படிக்கத் தகுந்த நல்ல நூல் ஏதாவது சொல்ல முடியுமா?

பதில்: நூல் எதையும் சொல்லப் போவதில்லை. தங்கையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

வேலை போனால் வருத்தம் வருவது இயல்பு. ஆனால் சோர்வோ நாட்டமின்மையோ ஏறத்தாழ நாள் முழுவதும், அநேகமாக ஒவ்வொரு நாளும், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, அதோடு தூக்கமும் பசியும் கெட்டு, தன்னைப் பற்றிய மதிப்பும் போய்விட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் அந்த அடையாளங்கள். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை போன்றவையும் இதேபோல் தோன்றலாம் என்பதால் உடல் பரிசோதனையும் தேவைப்படும்.

"நான் பாரம்" என்ற சொல்லை நான் மிகவும் கவனமாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மறுமொழியாக, "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அவள் அருகில் உட்கார்ந்து, "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அந்த அச்சத்தை ஆதரிக்கவில்லை. கேட்கப்பட்டவருக்கு மனச்சுமை சற்றுக் குறைவதும் உண்டு. ஆம் என்று சொன்னால் அவளைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்துகளையும் ஆபத்தான பொருள்களையும் அவள் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள்.

சிகிச்சை பேச்சு வழியாக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம், இரண்டுமாக இருக்கலாம். மருந்து கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இரண்டாம் வாரத்திலேயே "ஒன்றும் மாறவில்லையே" என்று நிறுத்தவும் கூடாது, தெளிவு வந்தவுடன் தாமாகவே நிறுத்தவும் கூடாது. பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்வது உங்கள் பொறுப்பு. மகள் மனநல மருத்துவரைப் பார்த்தாள் என்று தெரிந்தால் என்ன பேசுவார்களோ என்ற கவலை அவர்களுக்கு இருக்கும். முதலில் குடும்ப மருத்துவரைப் பார்த்து அவர் வழியாகப் போகலாம் என்று சொன்னால் இணங்கக்கூடும். முதல் நாள் அவளோடு நீங்களே போய், உள்ளே அழைக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவள் வர மறுத்தால், நீங்கள் மட்டும் முன்னதாகச் சென்று மருத்துவரிடம் நிலைமையைச் சொல்லி, அடுத்து என்ன செய்வது என்று கேட்டு வாருங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.